வீட்டுக் கணக்கு: உடைந்த முன்கண்ணாடிக்கு யார் பணம் கட்டுவது?

எமது கிராமங்களில் மரண உதவிச் சங்கம் இல்லாத இடம் குறைவு. மாதாமாதம் ஒரு சிறு தொகையைக் கட்டுகிறோம். வீட்டில் ஒரு சாவு நிகழ்ந்தால் சங்கம் எவ்வளவு தரும், யார் யாருடைய மரணத்துக்குத் தரும், சந்தா நிலுவையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதெல்லாம் எழுத வாசிக்கத் தெரியாத அம்மாமாருக்கும் மனப்பாடம்.

வாகனக் காப்புறுதியும் இதே முறையில் அமைந்ததுதான். பலர் சிறுகச் சிறுகக் கட்டுகிறார்கள். ஒருவருக்கு இழப்பு வந்தால் அந்தப் பணத்திலிருந்து கொடுக்கப்படுகிறது. ஆனால் வருடம் ஒன்றுக்குப் பல்லாயிரம் ரூபா கட்டும் இந்தக் காப்புறுதியைப் பற்றிக் கேட்டால், "அது அவருக்குத்தான் தெரியும்" என்றோ, "லீசிங்காரர் போட்டுத் தந்தது" என்றோதான் எம்மிற் பலரிடமிருந்து பதில் வருகிறது.

இன்று எமது பெண்கள் பலர் கார் ஓட்டுகிறார்கள். வான் வைத்துப் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறார்கள். வாகனம் கணவரின் பெயரில் இருந்தாலும், மாதத் தவணையைத் தன் சம்பளத்திலோ தையற் காசிலோ கட்டுகிற பெண்களும் உண்டு. ஆகவே காப்புறுதிப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத் தெரிந்து வைத்திருப்பது எமது வேலையும்தான். அதைப் புரிந்துகொள்ள, வாகனத்தின் ஒரு பாகத்தை மட்டும் இம்மாதம் எடுத்துக்கொள்வோம். அது முன்கண்ணாடி. பெரிய விபத்து எதுவும் நடக்காமலே, சாரதியின் பிழை எதுவும் இல்லாமலே உடையக்கூடிய பாகம் அதுதான்.

கல் எங்கிருந்து வருகிறது?

வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரை, இந்தப் பக்கம் எழுவான்கரை. 2013இல் கல்லடிப் புதிய பாலமும், 2014இல் மண்முனைப் பாலமும் திறக்கப்பட்டன. மண்முனையில் பாதையில் ஏறி வாவியைக் கடந்த காலம் போய், இரண்டு கரைகளுக்கும் இடையில் வாகனங்கள் நேரே ஓடுகின்றன. நன்மைதான். அதோடு மணல், கிறவல், கருங்கல் ஏற்றிய டிப்பர்களும் ஓடுகின்றன. செங்கலடியிலிருந்து பதுளைக்குப் போகும் வீதியிலும், வாழைச்சேனைப் பக்கம் போகும் வீதியிலும் டிப்பருக்குப் பின்னால் போகிறவர்களுக்கு இது தெரியும். மூடாமல் ஏற்றிய சுமையிலிருந்து ஒரு சிறு கல் விழுந்தாலும் போதும். முன்னே போகும் சக்கரம் வீதியிற் கிடக்கும் கல்லைக் கிளப்பினாலும் போதும்.

முதலில் கண்ணாடியில் ஒரு பொட்டு அளவுக்குத்தான் காயம் தெரியும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெயிலில் நின்ற வாகனத்தில் ஏறி உடனே ஏசியைக் கூட்டினால், கண்ணாடியின் வெளிப்பக்கம் சூடாகவும் உட்பக்கம் குளிராகவும் இருக்கும். அந்த இழுபறியில் பொட்டு கோடாகி, கோடு ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ஓடிவிடும். காலையில் கவனிக்காமல் விட்டது மாலையில் முழுக் கண்ணாடியையும் மாற்றும் செலவாகிவிடும்.

பொட்டு ஒரு நாணயத்தை விடச் சிறியதாகவும், சாரதியின் நேர்ப்பார்வையிலும் கண்ணாடியின் ஓரத்திலும் இல்லாமலும் இருந்தால், பிசின் போன்ற ஒரு திரவத்தை உள்ளே செலுத்தி அதை அடைக்க முடியும். புதிய கண்ணாடியோடு ஒப்பிட்டால் இதன் செலவு மிகக் குறைவு. ஆகவே பொட்டைக் கண்டவுடன் அதன் மேல் தெளிந்த ஒட்டுநாடா ஒன்றை ஒட்டி, தூசும் தண்ணீரும் போகாமற் பார்த்து, அன்றோ மறுநாளோ கராஜில் காட்டுங்கள். வாகனத்தை நிழலில் விடுங்கள். தென்னை மர நிழலை மட்டும் தவிர்த்துக்கொள்ளுங்கள்!

கண்ணாடிக்குள் என்ன இருக்கிறது?

முன்கண்ணாடி ஒற்றைக் கண்ணாடி அல்ல. இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்ரிக் படலத்தை வைத்து அழுத்திச் செய்யப்படுவது. அதனால்தான் உடைந்தாலும் சிதறி முகத்தில் குத்தாமல் வலைபோல ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பிரான்ஸ் நாட்டு எடுவார் பெனடிக்டஸ் என்பவர் 1903இல், தன் ஆய்வுகூடத்தில் விழுந்த ஒரு குடுவை உடைந்தும் சிதறாமல் இருந்ததைக் கண்டு இதற்கு வழி கண்டார். அதே 1903இல் அமெரிக்காவின் மேரி அண்டர்சன் என்ற பெண், சாரதி உள்ளே இருந்தபடியே முன்கண்ணாடியைத் துடைக்கும் கருவிக்கு உரிமம் பெற்றார். அதை வாங்க அன்று ஒரு கம்பனியும் முன்வரவில்லை. உரிமக் காலம் முடிந்த பிறகு எல்லாக் கார்களிலும் துடைப்பான் வந்தது. அவருக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை. மழையில் வாகனம் ஓட்டும்போது அவரை நினைத்துக்கொள்வோம்.

முன்பு முன்கண்ணாடி காற்றையும் மழையையும் மறைத்தது, வேலை அவ்வளவுதான். இன்றைய கார்களில் அது வாகனத்தின் உடம்போடு பலமான பசையால் ஒட்டப்பட்டிருக்கிறது. வாகனம் புரண்டால் கூரை நசுங்காமல் தாங்குவதில் அதற்கும் பங்கு உண்டு. முன் ஆசனப் பயணிக்கான காற்றுப்பை விரியும்போது பல கார்களில் அது இந்தக் கண்ணாடியில்தான் சாய்ந்து நிற்கிறது. ஆகவே கண்ணாடியைச் சரியாக ஒட்டாத கராஜ் மலிவானது என்று போனால், நட்டம் பணத்தோடு நிற்காது.

இதற்கு மேலே இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. டொயோட்டா 2015இல் அறிமுகப்படுத்திய பாதுகாப்புத் தொகுதி போன்றவை ஜப்பானிலிருந்து வந்த பல கார்களில் உண்டு. உள்கண்ணாடிக்குப் பக்கத்தில் முன்கண்ணாடியோடு சேர்த்து ஒரு சிறிய கமரா பூட்டப்பட்டிருக்கும். முன்னால் வாகனம் நிற்பதைக் கண்டு எச்சரிப்பதும், தானே பிரேக் போடுவதும், வீதிக் கோட்டை விட்டு விலகினால் சத்தமிடுவதும் அந்தக் கமராவின் உதவியோடுதான். கண்ணாடியை மாற்றினால் கமராவின் பார்வையை மறுபடி அளந்து சரிப்படுத்த வேண்டும். அதற்குத் தனி உபகரணமும் பயிற்சியும் தேவை. சரிப்படுத்தாவிட்டால் கமரா தூரத்தைப் பிழையாகக் கணிக்கலாம். எச்சரிக்கை தராமல் விடலாம். ஆகவே செலவு கேட்கும்போது கண்ணாடி, பசை, கூலி, கமராவைச் சரிப்படுத்தல் என்று நான்கையும் தனித்தனியாக எழுதித் தரும்படி கேளுங்கள்.

விலை ஏன் இவ்வளவு?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 மார்ச்சில் ரூபாவின் பெறுமதி விழத் தொடங்கியது. ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் சில வாரங்களில் 350 ரூபாவைக் கடந்தது. உதிரிப்பாகங்களின் விலையும் அதோடு ஏறியது. புதிய வாகனம் வராததால் பழைய வாகனம் வாங்கிய விலையை விடக் கூடுதலாக விற்றது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மறுபடி தொடங்கினாலும், விலைகள் 2019ஆம் ஆண்டுக்குத் திரும்பிப் போகவில்லை.

கண்ணாடியில் மூன்று வகை கிடைக்கும். வாகனக் கம்பனியின் பெயரோடு வருவது, வேறு கம்பனிகள் செய்து விற்பது, பாவித்த வாகனத்திலிருந்து கழற்றிக் கொழும்பு பஞ்சிகாவத்தை போன்ற இடங்களில் விற்பது. விலையில் மூன்றுக்கும் பெரிய இடைவெளி உண்டு. மலிவானது எப்போதும் கூடாதது என்று சொல்ல முடியாது. ஆனால் கமரா உள்ள காருக்குக் கமராவைப் பூட்டும் தாங்கி சரியாகப் பொருந்தும் கண்ணாடியே வேண்டும். காப்புறுதிக் கம்பனி இந்த மூன்றில் எதற்குப் பணம் தரும் என்பது முதலிலேயே கேட்கவேண்டிய கேள்வி.

எந்தக் காப்புறுதி எதைத் தரும்?

மூன்றாந்தரப்புக் காப்புறுதி என்பது சட்டம் கட்டாயப்படுத்துவது. அது இல்லாமல் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது. எமது வாகனத்தால் மற்றவருக்கு, முக்கியமாக அவரின் உயிருக்கும் உடலுக்கும், ஏற்படும் பாதிப்புக்காகவே அது இருக்கிறது. எமது முன்கண்ணாடி உடைந்தால் அது ஒரு ரூபாவும் தராது. குறைந்த கட்டுப்பணம் என்பதற்காக ஓட்டோவுக்கும் பழைய வானுக்கும் இதை மட்டும் எடுத்தவர்கள், கண்ணாடிக்கென்று ஒரு சிறு தொகையைத் தாமே சேர்த்து வைப்பது நல்லது. சீட்டுக் காசு சேர்ப்பதைப்போல மாதம் ஒரு சிறு தொகை போதும்.

முழுக்காப்புறுதி எமது வாகனத்தின் சேதத்துக்கும் தருவது. லீசிங்கில் வாகனம் எடுத்தால் இதைக் கட்டாயம் போடச் சொல்வார்கள். ஆனால் "முழு" என்ற சொல்லை நம்பி இருந்துவிடக் கூடாது. முன்கண்ணாடிக்குப் பெரும்பாலும் பத்திரத்தில் தனியாக ஓர் உச்சத்தொகை குறிக்கப்பட்டிருக்கும். அதற்கு மேலே வேண்டுமானால் கட்டுப்பணத்தைச் சற்றுக் கூட்டிக் கட்டி அந்தத் தொகையை உயர்த்திக்கொள்ளலாம். இது தெரியாமல், பல வருடங்களுக்கு முன் எழுதிய உச்சத்தொகையோடு பத்திரத்தை ஒவ்வொரு வருடமும் அப்படியே புதுப்பிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கண்ணாடியின் விலை ஏறிவிட்டது. பத்திரத்தில் உள்ள தொகை நாம் கேட்காமல் ஏறாது.

ஒரே கல், இரண்டு பதில்

டிப்பரிலிருந்து விழுந்த கல்லால் கண்ணாடி உடைந்தால் அது விபத்து. ஹர்த்தால் நாளில் யாரோ எறிந்த கல்லால் உடைந்தால் அது கலவரச் சேதம். காப்புறுதியில் இரண்டும் வேறு வேறு. வேலைநிறுத்தம், கலவரம், குழப்பம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கான காப்பைப் பத்திரத்தில் தனியாகச் சேர்க்க வேண்டும். 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியமே இதற்கான நிதியை நடத்துகிறது. 2022 மே 9ஆம் திகதிக் குழப்பத்தில் நாட்டின் பல இடங்களில் வாகனங்கள் எரிந்தபோதுதான், இந்த ஒரு வரியின் பெறுமதி பலருக்குப் புரிந்தது. எமது மாவட்டத்துக்கு இதை நாம் புதிதாகச் சொல்லத் தேவையில்லை.

வெள்ளமும் புயலும் அப்படியே. 2011 ஜனவரி வெள்ளத்தையும், 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலையும் கண்டவர்கள் நாம். புயலில் மரக்கிளை விழுந்து கண்ணாடி உடைந்தால், இயற்கை அனர்த்தக் காப்பு பத்திரத்தில் இருக்கிறதா என்றுதான் முதலிற் பார்ப்பார்கள். அந்த வரி இருக்கிறதா என்று மாரி தொடங்கும் முன்னர் நாம் பார்க்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கீழே உள்ள தொகைகள் விளக்கத்துக்காக மட்டும்.

கண்ணாடி மாற்ற 90,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். பத்திரத்தில் முன்கண்ணாடிக்கான உச்சத்தொகை 20,000 ரூபா. கம்பனி தருவது 20,000. மிகுதி 70,000 ரூபாவும் வீட்டுக் காசு.

இன்னொரு கணக்கு. காரின் இன்றைய பெறுமதி 60 இலட்சம். பத்திரத்தில் எழுதியிருப்பது 40 இலட்சம். கட்டுப்பணத்தைக் குறைக்கப் பலர் இப்படிச் செய்வார்கள்; அல்லது பழைய பெறுமதியை மாற்றாமல் விடுவார்கள். பல பத்திரங்களில், பெறுமதியைக் குறைத்துக் காட்டினால் இழப்பீட்டையும் அதே விகிதத்தில் குறைக்கும் நிபந்தனை உண்டு. 60இல் 40 என்பது மூன்றில் இரண்டு பங்கு. அப்படியானால் 90,000 ரூபா சேதத்துக்கு 60,000 ரூபாதான் கணக்கில் வரும். அதிலும் "முதற் தொகை" என்று நாமே ஏற்கவேண்டிய ஒரு பகுதி கழிக்கப்படலாம்.

மூன்றாவது கணக்கு. இழப்பீடு கேட்காமல் கழிந்த வருடங்களுக்காகக் கட்டுப்பணத்தில் கழிவு தருவார்கள். கட்டுப்பணம் 120,000 ரூபா, கழிவு நூற்றுக்கு 40 என்றால், நாம் மிச்சம் பிடிப்பது 48,000 ரூபா. கழித்தபின் கையில் வரும் இழப்பீடு 15,000 ரூபாவாக இருந்து, அதனால் அடுத்த வருடக் கழிவு குறையுமானால், கேட்காமல் விடுவதே இலாபமாகலாம். சில கம்பனிகள் முன்கண்ணாடிக்கான கோரிக்கையால் இந்தக் கழிவைக் குறைப்பதில்லை. உங்கள் பத்திரம் எந்த வகை என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

பத்திரம் யார் பெயரில்?

பெண்கள் அதிகம் சிக்கிக்கொள்வது இந்த இடத்தில்தான். பாவித்த வாகனத்தை "ஓப்பன் பேப்பரில்" வாங்கிப் பெயர் மாற்றாமல் ஓட்டினால், பதிவில் ஒருவர், காப்புறுதியில் ஒருவர், தவணை கட்டுவது இன்னொருவர் என்றாகிவிடும். இழப்பீடு கேட்கும்போது, வாகனத்துக்கும் உங்களுக்கும் என்ன உறவு என்ற கேள்வி வரும். கணவர் வெளிநாடு போயிருந்தாலும், காலமாகிவிட்டாலும், பத்திரத்தில் என்ன மாற்றம் செய்யவேண்டும் என்பதை உடனே கம்பனியிடம் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும். லீசிங் வாகனம் என்றால் பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளராக லீசிங் கம்பனியின் பெயர் இருக்கும். வாகனம் முற்றாக அழிந்தால் காப்புறுதிப் பணம் முதலில் அவர்களின் மிகுதிக் கடனுக்கே போகும். இதையும் தெரிந்தே கையொப்பமிட வேண்டும்.

உடைந்தவுடன் செய்யவேண்டியவை

வாகனத்தைப் பாதுகாப்பாக ஓரங்கட்டுங்கள். பத்திரத்தில் உள்ள இலக்கத்துக்கு அந்த இடத்திலிருந்தே அழையுங்கள். மதிப்பீட்டாளர் வரும்வரை அல்லது அவர்கள் சொல்லும்வரை கண்ணாடியைக் கழற்ற விடாதீர்கள். கழற்றியபின் சொன்னால் சேதத்தை நிரூபிப்பது கடினம். உடைந்த இடம், முழுக் கண்ணாடி, வாகன இலக்கத்தகடு, வீதி ஆகியவற்றைக் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். டிப்பரிலிருந்து கல் விழுந்ததைக் கண்டால் அதன் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு பொலிஸில் முறையிடலாம். கல் எறியப்பட்டிருந்தால் பொலிஸ் முறைப்பாடு அவசியம். நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். சாரதி மாறியதாகவோ இடம் மாறியதாகவோ சொல்லச் சொல்லும் "உதவிக்காரர்" பேச்சைக் கேட்டால், கிடைக்கவேண்டியதும் கிடைக்காமற் போகும்.

புதிய கண்ணாடி ஒட்டியபின் பசை காயும்வரை வாகனத்தை எடுக்கக் கூடாது. எத்தனை மணித்தியாலம் என்பது பசையைப் பொறுத்தது; கராஜில் கேளுங்கள். அதன் பிறகும் ஓரிரு நாட்களுக்குக் கதவை அடித்துச் சாத்த வேண்டாம். பக்கக் கண்ணாடியைச் சற்று இறக்கி விடுங்கள். கடற்காற்றடிக்கும் ஊர்களில் கண்ணாடி பொருந்தும் விளிம்பில் துரு ஏறியிருக்கலாம். துருவைச் சுரண்டிப் பூச்சு அடிக்காமல் ஒட்டினால் பசை பிடிக்காது. அடுத்த மாரிக்கு உள்ளே தண்ணீர் ஒழுகும். ஒட்டுவதற்கு முன் நீங்களே எட்டிப் பாருங்கள்.

மறுத்தால் எங்கே போவது?

இழப்பீடு மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பத்திரத்தின் எந்த நிபந்தனையின்படி மறுத்தார்கள் என்பது அதில் இருக்க வேண்டும். முதலில் அதே கம்பனியின் தலைமையகத்துக்கு எழுத்தில் முறையிடுங்கள். அங்கும் தீராவிட்டால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். 2005இலிருந்து இயங்கும் இந்தச் சேவைக்குக் கட்டணம் இல்லை, சட்டத்தரணியும் தேவையில்லை. கம்பனிகளை மேற்பார்வை செய்யும் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குமுறைப்படுத்தல் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம். 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த சபையே 2017இல் இந்தப் பெயரைப் பெற்றது. இரண்டும் கொழும்பில் இருந்தாலும் தபாலில் எழுதினாற் போதும். எல்லாக் கடிதங்களிலும் ஒரு பிரதியை உங்களிடம் வைத்திருங்கள்.

இன்று இரவு வேலை முடிந்தபின் வீட்டுப் பத்திரங்கள் உள்ள பையை எடுங்கள். வாகனக் காப்புறுதிப் பத்திரத்தை வெளியே வைத்து ஆறு விடயங்களைத் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள்: யார் பெயரில் இருக்கிறது, எத்தனையாம் திகதி முடிகிறது, வாகனத்தின் பெறுமதி எவ்வளவு எழுதப்பட்டிருக்கிறது, முன்கண்ணாடிக்கு எவ்வளவு, கலவரமும் வெள்ளமும் சேர்ந்திருக்கிறதா, நாமே ஏற்கவேண்டிய முதற் தொகை எவ்வளவு. ஆங்கிலத்தில் எழுதியிருந்து விளங்காவிட்டால், முகவரை வீட்டுக்கு அழைத்துத் தமிழில் விளங்கப்படுத்தச் சொல்லுங்கள். அவருக்குத் தரகு எமது கட்டுப்பணத்திலிருந்தே போகிறது. கேட்பதற்கு வெட்கப்பட எதுவும் இல்லை. அடுத்த மாதர் சங்கக் கூட்டத்துக்கு ஆளுக்கொரு பத்திரத்தைக் கொண்டுபோய் ஒன்றாக வைத்து வாசித்தால் இன்னும் நல்லது. ஒரே மாதிரியான இரண்டு கார்களுக்கு இரண்டு கம்பனிகள் தருவது எவ்வளவு வேறுபடுகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும்.